பழைய மூணு கியர் சைக்கிளை ஆறு கியராக்குவது எப்படி

காரைக்குடிப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேடு பெரிய பிரச்சினை இல்லை, காற்றுதான் பிரச்சினை. ஆடி மாசம் குன்றக்குடி ரோட்டில் மேற்கே பார்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும். பழைய ராலே சைக்கிளில் மூணு கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுக்குடம், கியர்கள் அதற்குள்ளேயே இருக்கும்) இருந்தாலும் அந்த எதிர்காற்றில் ஒரு கியர் ரொம்ப லேசாக இருக்கும், அடுத்தது முழங்காலைப் பிடுங்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தால் தேவலையே என்று தோன்றும். ஹப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்சக்கரத்தில் இரண்டு பல்சக்கரமும், செயினை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தள்ளுகிற ஒரு டெரெய்லரும் போட்டால் அந்த நடுக் கியர்கள் கிடைத்துவிடும். இது புது யோசனை இல்லை. சைக்ளோ என்ற பிரிட்டிஷ் கம்பெனி அந்தக் காலத்திலேயே ராலேயில் வரும் இந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புக்கென்று இரட்டை, மூன்றடுக்குப் பல்சக்கரங்கள் விற்றது. பிராம்ப்டன் மடக்கு சைக்கிளின் ஆறு கியர் மாடலிலும் மூணு கியர் ஹப்போடு இரண்டு பல்சக்கரம்தான்.

முதலில் வண்டி. மலாயா, சிலோன் போய்வந்த குடும்பங்களில் இரண்டாங்கட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ கியர் வைத்த ராலே ஒன்று கிடந்தால் அதிர்ஷ்டம். ஹப் ஓட்டின் மேல் துணியால் அழுத்தித் துடைத்தால் ஏ.டபிள்யூ (AW) என்ற மாடல் எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் தெரியும். 58 என்று இருந்தால் அந்த ஹப் 1958ல் செய்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் தேடலாம், ஆனால் அங்கே சைக்கிளை அலங்காரப் பொருளாகப் பார்த்து விலை சொல்வார்கள், பேரம் பேசத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் இருப்பது ஹெர்குலிஸ்தான். 1949ல் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி, நம்மூர் வண்டி என்றே சொல்லிக்கொள்ளலாம். அதன் ஃபிரேம் இந்த வேலைக்குத் தாங்கும். ஹப்பை மட்டும் தனியாக வாங்கிப் பின்வீலைப் புதிதாகக் கம்பி கோக்க வேண்டும். நம்மூர்ப் பெரிய சைக்கிளில் பின் ரிம்முக்கு 40 ஓட்டை, இப்போது வரும் ஹப்புகளில் 36 தான், அதனால் 40 ஓட்டைப் பழைய ஹப்பாகத் தேடுங்கள். இல்லையென்றால் ரிம்மையும் மாற்ற வேண்டிவரும், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக் வண்டியில் அதற்கேற்ற ரிம் தேடுவது தனித் தலைவலி.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஃபிரேமில் வெல்டிங் வைக்காதீர்கள், எதையும் அறுக்காதீர்கள். ஐயா ஓட்டிய வண்டி, நாளைக்கு இன்னொருத்தர் பழையபடி மாற்ற ஆசைப்படலாம். போடுகிற எல்லாமே நட்டு கழற்றினால் வந்துவிடுகிற மாதிரி இருக்க வேண்டும். முழு செயின் கவர் மட்டும் டெரெய்லரோடு ஒத்துவராது. அதைக் கழற்றி எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

சரி, கடைக்குப் போவதற்கு முன் பல் கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏ.டபிள்யூ ஹப்பில் இரண்டாவது கியர் நேரடி, பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வீலும் ஒரு சுற்று. முதல் கியர் அதில் முக்கால் பங்கு, மூன்றாவது அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இப்போது 18 பல்லும் 24 பல்லும் போட்டால் என்ன ஆகும்? 24க்கும் 18க்கும் உள்ள விகிதமும் அதே நாலுக்கு மூணு. ஆக, ஆறு கியரில் இரண்டு அப்படியே இன்னொன்றின் நகல், கையில் நிற்பது நாலுதான். அதற்குப் பதில் 18ம் 21ம் போடுங்கள். முன்னால் 44 பல், 28 இன்ச் ஒன்றரை டயர் என்று வைத்தால் ஒரு சுற்று மிதிக்கு வண்டி போகும் தூரம் ஏறக்குறைய 3.5, 4.1, 4.7, 5.5, 6.3, 7.3 மீட்டர். ஒவ்வொரு பழைய கியருக்கும் நடுவில் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள். 21க்கு மேல் பெரிதாகப் போகவும் வேண்டாம். முன்பல்லில் பாதிக்கு மேல் பின்பல் போனால் ஹப்புக்குள் இருக்கும் சின்னப் பல்லுகளுக்கு முறுக்கு அதிகமாகிறது.

மிதிக்காதபோதும் வீலை ஓட விடுகிற ஃபிரீவீல் ஹப்புக்கு உள்ளேயே இருப்பதால் வெளியே வெறும் பல்சக்கரம் போதும். 1950களிலிருந்து வந்த ஹப்புகளில் பெரும்பாலும் மூன்று காது வைத்த பல்சக்கரத்தை நுழைத்து ஒரு கம்பி வளையத்தால் பூட்டியிருக்கும். ஷிமானோ உள்கியர் ஹப்பின் பல்சக்கரமும் அதே மூன்று காதுதான், அதனால் கிடைக்காத சாமான் என்று பயப்பட வேண்டாம். வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்கும். உள்ளே இருக்கும் வாஷர்களை எடுத்துவிட்டு மெல்லிய இரண்டு பல்சக்கரங்கள், பெரியது உள்பக்கம், சின்னது வெளிப்பக்கம், நடுவில் ஒரு வாஷர் என்று அடுக்குங்கள். பல்சக்கரம் லேசாக வளைந்த வகை என்றால் இரண்டின் வளைவும் ஒன்றையொன்று விட்டு விலகிப் பார்க்கிற மாதிரி வைத்தால் செயினுக்கு இடம் கிடைக்கும். கடைசியில் கம்பி வளையம் அதன் பள்ளத்தில் சுற்றிலும் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கி நின்றாலும் வாஷரைக் குறைத்துத் திரும்பப் பூட்டுங்கள்.

செயின் இப்போது மெல்லிய கியர் செயினாக மாறும். பழைய முன் சக்கரத்தின் பல் தடிமன், மெல்லிய செயின் அதில் உட்காராமல் ஏறி ஏறி விழலாம். மெல்லிய பல் வைத்த முன்சக்கரம் வாங்குவது நல்லது. பழையதை லேத்தில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் பரணுக்குப் போக வேண்டிய சாமான்.

டெரெய்லர் மாட்டப் பழைய ஃபிரேமில் காது இருக்காது. ஆக்சில் நட்டுக்கு உள்ளே பிடிக்கிற பட்டையோடு வரும் சாதாரண ஷிமானோ டூர்னி டெரெய்லர் போதும். ஆனால் ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் காது வாஷரைப் பட்டைக்கு இடம் போதவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மிதிக்கிற வேகத்தில் ஆக்சில் திருகிக்கொள்ளும். நட்டு முழுசாக ஏற மரை மிச்சமில்லை என்றால் நீள ஆக்சில் மாற்றுவதுதான் வழி. லிவருக்கு டிக் டிக் என்று விழாத, வழுவழுப்பாக நகரும் வகை வாங்குங்கள். இரண்டே பல் என்பதால் டெரெய்லர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் இரண்டு எல்லைத் திருகையும் சரியாக வைத்துவிட்டால் லிவரை இந்தக் கோடி, அந்தக் கோடி தள்ளினால் போதும்.

அப்புறம் ஹப் கேபிள். இதை அலட்சியமாக விட்டால் அடிபடும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எதையும் பிடிக்காத ஒரு இடம் இந்த ஹப்பில் உண்டு. கேபிள் சரியில்லாமல் எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் பெடல் சட்டென்று கீழே போய் நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதும். லிவரை இரண்டில் வையுங்கள், வலது நட்டின் ஓட்டை வழியே பாருங்கள், கேபிள் இழுக்கும் சின்னச் செயினோடு ஆக்சிலுக்குள் போகும் கம்பியின் தோள் ஆக்சில் முனையோடு சமமாக நிற்க வேண்டும். முன்பின் இருந்தால் திருகித் திருகிச் சரிசெய்யுங்கள். அந்தச் சின்னச் செயின் டெரெய்லரில் உரசுகிறதா என்பதையும் ஆறு கியரிலும் கையால் பெடல் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பல வருஷம் கிடந்த ஹப் என்றால் மேலே இருக்கும் எண்ணெய் மூடியைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வீலைச் சுற்றி வடிய விடுங்கள். வாசலில் வைத்துச் செய்யுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் கறை பட்டால் அப்பத்தாவிடம் நான் வந்து பேச முடியாது. பிறகு இஞ்சின் ஆயில் ஒரு ஸ்பூன், மாசாமாசம் நாலைந்து சொட்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாக இறுகி உள்ளே கொக்கிகளை ஒட்ட வைத்துவிடும்.

ஓட்டும்போது இரண்டு லிவருக்கும் இரண்டு பழக்கம். ஹப் கியரை மாற்றும்போது மிதியை ஒரு நொடி நிறுத்த வேண்டும், நின்றுகொண்டேகூட மாற்றலாம். டெரெய்லரை மாற்ற லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சந்தையில் நிற்கப் போகிறோம் என்றால் டெரெய்லரை முன்கூட்டியே பெரிய பல்லுக்கு ஏற்றிவிடுங்கள், ஹப்பை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் சவாரி முடிந்ததும் ஆக்சில் நட்டு இரண்டையும் ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்குங்கள், புதுக் கம்பி கோத்த வீல் என்றால் பெண்டு எடுக்கவும் கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள்.