யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் இலையைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் எனக்கு மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) சம்பா நெல். முன்பெல்லாம் பக்கத்து வயலில் யூரியா போட்டால் நானும் போடுவேன். பயிர் கறுத்து நிற்கும், பார்க்கவே மனசு நிறையும். அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், மார்கழி மழையில் சாய்ந்தும் போகும். தூற்றினால் பதர்தான் அதிகம்.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நெல் வயலில் அதில் பாதிகூடப் பெரும்பாலும் பயிருக்குச் சேர்வதில்லை. நிற்கும் தண்ணீரில் உச்சிவெயிலில் வீசினால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். நம் காசும் போய், காற்றும் கெடுகிறது.

இப்போது நான் இலை வண்ண அட்டையை நம்புகிறேன். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்துக்குள் வயலில் இறங்குங்கள். பத்து நெல் குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு இலையாவது 4ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3ஆம் எண்தான் கணக்கு. வெளுக்கவில்லையா, அந்த வாரம் மூட்டையைத் தொடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறோம். எப்போதும் நீர் கட்டினால் மீத்தேன் என்ற, சூடேற்றும் இன்னொரு வாயு வருகிறது என்று காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், தண்ணீரும் மிச்சம். ஆனால் யூரியா போட்ட கையோடு வயலைக் காயவிட்டால், அது நைட்ரேட்டாக மாறி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். ஆகவே காய்ச்சல் முடிந்து, தண்ணீர் விடப்போகும் மாலையில் உரத்தைத் தெளித்து உடனே பாய்ச்சுங்கள். சத்து மண்ணுக்குள் இறங்கும். ஒரு வாரம் இரண்டு அங்குல நீரைக் காப்பாற்றுங்கள். பயிர் உறிஞ்சிய பிறகு காயவிடலாம். துளையிட்ட குழாயை வயலில் ஊன்றி, நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும்.

போன சம்பாவில் எனக்கு ஒரு மூட்டை யூரியா மிச்சம், நெல்லில் குறையவில்லை, பயிரும் சாயவில்லை. பூக்கும்போது மட்டும் வயலைக் காயவிடாதீர்கள். கதிர் வந்த பிறகு இலை வெளுத்தாலும் யூரியா வேண்டாம்.