ஹேவ்லாக்கில் இரவுக் கயாக்: ஒளிரும் நீரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ராதாநகர் கடற்கரையையும் ஸ்கூபாவையும் மனத்தில் வைத்துத் தேதி குறிக்கிறார்கள். 2018 டிசம்பரில் இத்தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என மாற்றப்பட்டாலும், படகுத் துறையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் பழைய பெயரே இன்னும் புழங்குகிறது. அலையாத்திக் காட்டு ஓடைகளில் ஒளிரும் நீரைக் காட்டும் இரவுக் கயாக் (துடுப்புச் சிறுபடகு) பயணத்தையோ அங்கே போய் இறங்கிய பிறகு, ஓட்டல் வரவேற்பறையில் விசாரித்து, கிடைத்த இரவில் செருகிக்கொள்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதல் அறிவுரை. ராதாநகரின் மணலும் பவளப்பாறைகளும் எந்தத் தேதியிலும் இருக்கும். நீரின் ஒளி நிலவில்லாத வானத்தின் கீழ்தான் முழுமையாகத் தெரியும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே திதி பார்த்துவிட வேண்டும்.

இதற்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் நிலவு எழுகிறது. அதன் பின் நாளுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதித்து எழுகிறது. ஆகவே தேய்பிறைப் பஞ்சமி வாக்கில் இரவு ஒன்பது மணிவரை வானம் இருட்டாகவே இருக்கும். அங்கிருந்து அமாவாசை வரையிலான எல்லா நாட்களும் மாலைப் பயணத்துக்கு ஏற்றவை. அமாவாசைக்குப் பின் கணக்கு மாறிவிடும். வளர்பிறைத் திரிதியைவரை மெல்லிய பிறை விரைவில் மறைந்துவிடுவதால் பெரிய இடையூறு இல்லை. அஷ்டமி வந்துவிட்டால் நள்ளிரவை ஒட்டித்தான் நிலவு மறையும். வளர்பிறையில்தான் விடுப்பு கிடைத்தது என்றால், அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பும் பயணம் உண்டா என்று கேளுங்கள். நிலவின் கணக்கறிந்த வழிகாட்டிகள் அப்படியும் அழைத்துச் செல்வதுண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் தயங்காமல் சீட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அலையாத்திக் காட்டின் நிழலுக்குள் ஓரளவு மினுக்கம் தெரியத்தான் செய்யும். ஆனால் கொடுக்கும் பணத்துக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே மாலை வரும் நேரம். கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டினாலும், தீவு ஏறத்தாழ 93 பாகைக் கிழக்கு நெட்டாங்கில் இருப்பதால், நம் நாட்டு நேரத்துக்கு அடிப்படையான நெட்டாங்கைக் காட்டிலும் சூரியன் அங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கு மறைந்துவிடும் சூரியன், ஜூனிலும் ஐந்தே முக்காலைத் தாண்டுவதில்லை. மறைந்த பின் வானம் முழுவதும் கறுக்க மேலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எனவே ஆறரை மணிப் பயணம் டிசம்பருக்குப் பொருந்தும். மே மாதத்தில் அதே நேரத்துக்குக் கிளம்பினால் முதல் அரைமணி வீணாகும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்பிக்கையோடு திட்டமிடலாம். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் அந்தமான் கடலில் புயல் சின்னம் உருவாகிப் படகுப் போக்குவரத்து நின்றுபோவதும் உண்டு. மழையால் பயணம் ரத்தாவது ஒருபுறமிருக்க, பெருமழை கொட்டிய மறுநாள் ஓடைகளின் மேல்மட்டத்தில் நன்னீரும் சேறும் கலந்து ஒளியும் மங்கிவிடும்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் எங்கே கண்ணை வைப்பது என்பது புரியும். நீரில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிரிகளே இந்த ஒளிக்குக் காரணம். நீர் அசைந்து செல்லின் மேற்பரப்பு நெருக்கப்படும்போது உள்ளே ஒரு மின்சமிக்ஞை ஓடி, சிண்டிலான் எனப்படும் நுண்பைகளுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. உடனே லூசிஃபெரேஸ் என்ற நொதி லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. நீலநிற ஒளி ஒரு கணம் வெட்டி மறைகிறது. அந்தக் கணம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தம்மைத் தின்ன வரும் சிற்றுயிர்களை மிரட்டவும், அவற்றைத் தின்னும் பெரிய உயிர்களுக்குக் காட்டிக்கொடுக்கவும் இந்த மின்னல் பயன்படுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கத்துக் கடற்கரைகளில் அலை நீலமாக உடைந்ததைப் பார்க்க இரவில் கூட்டம் கூடியது பலருக்கு நினைவிருக்கும். அங்கே உடையும் அலையே உயிரிகளைக் கலக்கிவிட்டதால், கரையில் நின்றவர்களுக்கும் ஒளி தெரிந்தது. ஹேவ்லாக்கின் ஓடைகளில் அலை கிடையாது. நீர் அசையாமல் கறுப்பாகக் கிடக்கும்; துடுப்போ மீனோ விரலோ தொட்ட இடம் மட்டும் ஒளிரும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் படகு வேண்டியிருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் கிளை பிரியும் ஓடைகளில் இருட்டில் வழி தவறும் என்பதால்தான் வழிகாட்டியும் வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஹேவ்லாக் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி நேரத்திலும், அரசுக் கப்பல்கள் இரண்டரை மணி நேரத்திலும் சேர்க்கும். இவை பகலில் மட்டுமே ஓடுவதால் தீவில் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். குறைந்தது இரண்டு இரவுகள் தங்கி, கயாக் பயணத்தை முதல் இரவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மழையோ காற்றோ கெடுத்தால் இரண்டாம் இரவு கைவசம் இருக்கும். கடைசி இரவுக்குத் தள்ளிவைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முன்பதிவு செய்யும்போது தலைக்கு 3000 ரூபாய்க்கு மேல் கேட்பது வழக்கம்; பயணம் இரண்டு, இரண்டரை மணி நேரம் நீளும். விலையைப் பேரம் பேசுவதைவிட ஏற்பாட்டாளர்களிடம் நான்கு கேள்விகள் கேட்பது பயன் தரும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை படகுகள் என்பது முதலாவது. இருட்டில் ஒருவர் நான்கைந்து படகுகளுக்கு மேல் கவனிப்பது கடினம். குழுவில் யாரும் விளக்கோ கைபேசியோ பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களா என்பது இரண்டாவது. மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்பது மூன்றாவது. நான்காவது கேள்வி கொஞ்சம் சோதனை போன்றது: கிளம்பும் நேரத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி நீரேற்றத்தைப் பற்றிப் பேசுவார். அமாவாசையை ஒட்டி அங்கே கடல் இரண்டு மீட்டர்வரை ஏறி இறங்கும். நீர் வற்றிய வேளையில் ஓடைக்குள் நுழைந்தால் கயாக் சேற்றில் தட்டும், வேர்களில் சிக்கும். ஆகவே ஒரே மாதத்துக்குள்ளேயே கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் நகரும். ஆண்டு முழுவதும் எல்லா நாளும் ஒரே நேரம் என்று சொல்லும் இடத்தில் நான் பணம் கட்ட மாட்டேன்.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கிய பிறகு தீவில் தொலைத்தொடர்பு எவ்வளவோ தேவலை. என்றாலும் சிக்னலை நம்பி ஏமாறாமல், சேர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் பகலிலேயே நேரில் போய் உறுதிசெய்துகொண்டு, திரும்பி வருவதற்கு ஆட்டோவையும் பேசி வைத்துவிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் அங்கே ஆட்டோ கிடைப்பது அரிது.

உடை விஷயத்தில் இரண்டு எதிரிகள் உண்டு: கொசுவும் மணல் ஈயும். இவற்றுக்காகக் கையிலும் காலிலும் பூச்சி விரட்டி பூசிக்கொண்டு போவது பலரின் வழக்கம். அந்த ரசாயனம் நீரில் கலந்து நீங்கள் பார்க்க வந்த உயிரிகளுக்கே தீங்கு செய்யும். முழுக்கைச் சட்டையும் கணுக்காலை மூடும் கால்சட்டையும் அதே வேலையைச் செய்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. ரப்பர் செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும் என்பதால் பின்பட்டை உள்ள காலணியே நல்லது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வது அவசியம்.

நீச்சல் தெரியாதவர்களும் இந்தப் பயணத்தில் கலந்துகொள்ளலாம். ஓடை அமைதியானது, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அதன் பட்டைகளை நீங்களே இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் அளவு பெரியது, மாற்றித் தரக் கேட்க வேண்டும். பெரும்பாலும் இருவர் அமரும் கயாக்கே கிடைக்கும். பின்னால் இருப்பவர் கையில்தான் திசை. எனவே துடுப்புப் பழக்கம் உள்ளவர் பின்னால் அமர, முன்னால் இருப்பவர் சீராகத் துடுப்பு போட்டால் போதும். கணவனும் மனைவியும் ஒரே கயாக்கில் ஏறி, வேரில் போய் முட்டி, யார் தவறு என்று இருட்டில் வாதாடுவது எல்லாக் குழுவிலும் நடக்கும். வழிகாட்டிகள் அதற்குப் பழகிவிட்டவர்கள்.

துறையின் விளக்கொளி எட்டும் தூரம்வரை நீரில் ஒன்றும் தெரியாது. இந்த இடத்தில் ஏமாற்றமடைந்து கைபேசியை எடுப்பதுதான் செய்யவே கூடாதது. கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். ஒருமுறை திரை வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், பக்கத்துப் படகில் இருப்பவருக்கும் சேர்த்து. ஓடையின் வளைவு தாண்டி விளக்குகள் மறைந்ததும் வழிகாட்டி எல்லாரையும் நிறுத்துவார். அப்போது துடுப்பை வேகமாக அடிக்காமல், அதன் தட்டை நீருக்குள் ஆழ இறக்கி மெல்ல இழுங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வெண்நீலச் சுழி கிளம்பி, துடுப்பு போன பிறகும் ஓரிரு நொடி பின்னால் உருண்டுகொண்டிருக்கும். துடுப்பைத் தூக்கிப் பிடித்தால் அதிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒளிவளையம் ஒன்றை விரித்து அணையும். படகுக்கு அஞ்சி ஓடும் மீன், வாணத்தைப் போல நீருக்கடியில் கோடு கிழித்துப் போகும்.

மங்கலான ஒளியை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்வையை வைத்தால் அது கூடுதலாகத் தெரியும். விழித்திரையில் மங்கொளியை உணரும் செல்கள் மையத்தில் இல்லாமல் ஓரங்களிலேயே நிறைந்திருப்பது இதற்குக் காரணம். மேலும், ஒரே இடத்தில் நீரைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருந்தால் ஒளி குறைந்துகொண்டே போகும். ஒளிர்ந்து தீர்ந்த உயிரிக்கு மீண்டும் ஒளிர நேரம் வேண்டும். படகைச் சற்று நகர்த்திக்கொண்டு, கலங்காத நீரில் துடுப்பை இறக்குவதே சரி.

கையை நீரில் விடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அந்தமானின் அலையாத்தி ஓடைகள் உவர்நீர் முதலைகளின் வாழிடம். 2010-இல் ராதாநகருக்கு அருகே நீல்ஸ் கோவ் பகுதியில் நீருக்குள் இருந்த அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எனவே வழிகாட்டி அனுமதித்த இடத்தில், அனுமதித்த அளவுக்கு மட்டும் விரலை நனைக்கலாம்; புறங்கையில் ஒட்டிய பொறிகள் ஓரிரு நொடி மினுங்குவதைப் பார்க்க அதுவே போதும். இரவில் இறங்கி நீந்தவும் விடுவோம் என்று ஆசை காட்டும் ஏற்பாட்டாளரைத் தவிர்த்துவிடுங்கள்.

படம் எடுக்கும் ஆசையைக் கரையிலேயே விட்டுவிடுவது நலம். விளம்பரங்களில் காணும் அடர்நீல ஓடை, முக்காலியில் நிறுத்திய கேமராவின் துளையைப் பல நொடிகள் திறந்து வைத்து எடுத்தது. வெறுங்கண்ணுக்கு ஒளி இன்னும் வெளிறியும் துண்டுதுண்டாகவும் தெரியும். ஆடும் கயாக்கில் நீண்ட நேரத் திறப்புக்கு வழியில்லை, கைபேசியின் இரவு முறையும் கறுப்புச் சட்டகத்தைத்தான் தரும். சில குழுக்களில் வழிகாட்டியே தன் கேமராவால் எடுத்துத் தருவார். அது கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு இரவுகளும் கெட்டுப் பயணம் முற்றிலும் ரத்தானால், மழை விட்ட நேரத்தில் கிழக்குப் பக்கக் கடற்கரைகளில், ஓட்டல் விளக்குகளை விட்டு விலகி, நீர் வடிந்த ஈர மணலில் பாதத்தைத் தேய்த்து நடந்து பாருங்கள். உயிரிகள் மிகுந்த நாட்களில் காலடியைச் சுற்றி மணல் மினுங்கும். நீருக்குள் இறங்க வேண்டாம். இதற்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. மறுநாள் காலைப் படகைத் தவறவிடாத அளவுக்குத் தூங்க நேரம் மிச்சம் வைத்துக்கொண்டால் போதும்.