குருத்தெலும்பு ஒட்டு: நீலம் கண்டதும் வெந்நீர் வைக்காதீர்கள்

ஒட்டு என்றாலே நமக்கு நினைவு வருவது மாங்கன்று. துளிர் விட்டால் பிடித்தது, வாடினால் போனது. அந்தக் கணக்கு குருத்தெலும்புக்குச் செல்லாது. பெயரில்தான் குருத்து, அது துளிர்க்காது. காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்து மூக்கிலோ காதிலோ வைத்த துண்டு, வைத்தபடி இருந்தாலே வெற்றி.

அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவிலிருந்து கசிவதை உறிஞ்சி, அதன் செல்கள் கொஞ்சத்தில் காலம் தள்ளும். சொந்தக் குருத்தெலும்பு இடம் மாறியும் பெரும்பாலும் பிழைப்பது இதனால்தான். கெட்டுப்போனால் கோளாறு அநேகமாகச் சுற்றுப்புறத்தில் இருக்கும்: தேங்கிய ரத்தம், கிருமி, அழுத்தம், ரத்த ஓட்டம் குறைந்த மேல்தோல்.

சிங்கப்பூரில் தாதியாக இருந்த நாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு, நிறத்தைக் கண்டு மிரளுவது. மூக்கு மடலில் ஒரு துண்டு போய்விட்டால், காதிலிருந்து தோலும் குருத்தெலும்பும் சேர்ந்த சிறு துண்டை எடுத்துத் தைப்பார்கள். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டுவது சிரமம். முதலில் வெளிறும். அப்புறம் ரத்தம் நுழையும், வெளியேற வழி இன்னும் திறந்திருக்காது. அதனால் நீலம் பாயும். ஒரு வாரவாக்கில் மெல்ல இளஞ்சிவப்பாகும்.

நீல நாளில்தான் வம்பு. “மிஸ்ஸி, செத்துப்போச்சு பாருங்க” என்று ஒரு பாட்டி பேரனின் மூக்கருகே வெந்நீர்த் துண்டோடு நின்றார். அந்தத் தோலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை, சுட்டாலும் பையனுக்குத் தெரியாது. “ஒத்தடம் வேண்டாம் பாட்டி, விரால் சூப் வேணும்னா வச்சுக் கொடுங்க” என்றேன். மஞ்சளும் கோடாலித் தைலமும்கூடத் தையல் பக்கம் போகக் கூடாது. ஆனால் கருத்துப்போய், நாற்றமோ சீழோ வந்தால், வலி ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிறவியிலேயே காது வளராத பிள்ளைகளுக்கு விலாக் குருத்தெலும்பைச் செதுக்கிக் காது வைக்கிறார்கள். தோலடியில் ரத்தம் தேங்காமல் உறிஞ்ச ஒரு மெல்லிய குழாய் இருக்கும். “அரிக்குது” என்று பிள்ளை அதை இழுத்துவிட்டால் தோல் குருத்தெலும்பை விட்டு எழும்பும், காதின் மடிப்புகள் மழுங்கும். இரவில் ஒருவர் பக்கத்தில் விழித்திருப்பது வீண் வேலை இல்லை.

அடுத்தது மறைப்பு. சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் புகைப்பதும் 2018 முதல் குற்றம். அந்தப் பயத்தில் மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை. நிகோட்டின் தோலின் நுண் குழாய்களைச் சுருக்கும். தோலில் ஒட்டும் பட்டையில் வந்தாலும் ஆவியில் வந்தாலும் அதே நிகோட்டின்தான். அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைக்கலாம்.

மூக்கில் வைத்திருந்தால் கண்ணாடியும், காதில் வைத்திருந்தால் ஹெல்மெட்டும், அந்தப் பக்கம் சாய்ந்து படுப்பதும் மருத்துவர் சொல்லும்வரை கூடாது.

“பக்கத்து வீட்டு அக்கா மூக்கு மாதிரி” என்று ஒப்பிடுவார்கள். அந்த மூக்கில் இருப்பது சிலிக்கோனாக இருக்கலாம். சிலிக்கோன் கரையாது, ஆனால் தோலைத் துளைத்து வெளியே வரக்கூடும். பிறர் கொடுத்து, கதிர் பாய்ச்சிய குருத்தெலும்பில் உயிருள்ள செல் இல்லை. அது எவ்வளவு கரையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சொந்தக் குருத்தெலும்பையே அதிகமாக நசுக்கினாலும் செல்கள் சாகும்.

தையல் பிரித்ததும் கதை முடிந்ததென்று அடுத்த பரிசோதனையை விட்டுவிடுபவர்களும் உண்டு. விலாக் குருத்தெலும்பு உயிரோடு இருந்தே வளையும். வெளி அடுக்கில் உள்ள இழுவிசை ஒருபக்கம் செதுக்கினால் அவிழ்ந்துகொள்கிறது. இருபுறமும் சமமாகச் செதுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிப்சனும் டேவிஸும் 1958லேயே எழுதினார்கள். எவ்வளவு கவனித்தாலும் சில மாதம் கழித்து ஒரு சாய்வு தெரியலாம். மாதம் ஒரு படம், அதே சன்னல் வெளிச்சத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.