சம்ப் வைத்த மீன் தொட்டிக்கு எந்த அளவு ஓவர்ஃப்ளோ, எந்த ரிட்டர்ன் பம்ப்?

தொட்டிக்குக் கீழே சம்ப் (மேலிருந்து வழியும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இன்னொரு தொட்டி) வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் போய் வாங்குவது, தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்தான். பம்பைக் கடைசியில் வாங்குங்கள். மேலே ஏறும் தண்ணீரை ஒரு வால்வைத் திருகிக் குறைத்துவிடலாம். கீழே இறங்கும் தண்ணீரைப் பிறகு கூட்ட வழியில்லை. கண்ணாடியில் துளை போட்டது போட்டதுதான்.

என் வீட்டுத் தொட்டியையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 9 கன அடி வரும். கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 255 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 220 என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு எவ்வளவு ஓட வேண்டும்?

நன்னீர்த் தொட்டிக்கு, சம்ப் வழியாக மணிக்கு 4 அல்லது 5 முறை தண்ணீர் சுற்றினால் போதும். நமக்கு ஏறக்குறைய 1000 லிட்டர். பத்து முறை சுற்ற வேண்டும் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்தமும் கரண்ட் பில்லும்தான் கூடும். தொட்டிக்குள் வேகமான ஓட்டம் வேண்டுமென்றால் தனியாக ஒரு வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறி) போடுங்கள்.

ஓவர்ஃப்ளோ

நம் பக்கத்துக் கண்மாய்க் கலுங்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கலுங்கு நீளமாக இருந்தால் மறுகால் மெல்லிசாகப் பாயும். குறுகலாக இருந்தால் அதே தண்ணீர் உயரமாக எழும்பித்தான் போகும். தொட்டித் தண்ணீர் வழிந்து விழுந்து பைப்பில் இறங்கும் பெட்டிதான் ஓவர்ஃப்ளோ. அதன் விளிம்பு 1 அடி நீளம் இருந்தால், 1000 லிட்டர் போக அதன்மேல் 6 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும். மீன் போகாமலிருக்கப் பல் வெட்டிப் பாதி இடம் அடைபட்டால் 1 சென்டிமீட்டர். இந்த உயரத்தைக் குறித்து வையுங்கள், கரண்ட் போகும்போது தேவைப்படும்.

பைப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 அங்குலப் பைப்பில் 1000 லிட்டர் இறங்கும். ஆனால் காற்றையும் சேர்த்து இழுப்பதால் ராத்திரியில் களகளவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சொல்வது ஒன்றேகால் அங்குலத்தில் இரண்டு பைப். ஒன்று அந்தப் பெட்டியின் தண்ணீருக்குள் மூழ்கியபடி, கீழே கேட் வால்வு வைத்தது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் காற்று நின்று சத்தம் அடங்கும். கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வில் (ball valve) இந்த நுணுக்கம் வராது, காசு கூட ஆனாலும் கேட் வால்வே வாங்குங்கள். இரண்டாவது பைப்பின் வாய் பெட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வால்வே இல்லாமல், எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஒரு நத்தை போய் முதல் பைப்பை அடைத்தால் வீட்டுத் தரையைக் காப்பாற்றுவது இதுதான்.

இனி பம்ப்

பம்ப் வரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர், பம்ப் உயரமே ஏற்றாதபோது தருவது. ஹெச் மேக்ஸ் (H max, அதிகபட்ச உயரம்) என்று போட்டிருக்கும் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நேர்கோட்டில் குறையும். சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு வரை அளந்து பாருங்கள். எனக்கு நாலரை அடி, அதாவது 1.4 மீட்டர். எல்போக்களுக்காக 0.3 சேர்த்தால் 1.7. இப்போது 2000 லிட்டர், 2 மீட்டர் என்று போட்ட பம்ப் மணிக்கு 300 லிட்டர்தான் தரும். 2500 லிட்டர், 3 மீட்டர் என்றால் 1000-ஐத் தாண்டும். ஆகவே லிட்டரை மட்டும் பார்க்காமல் மீட்டரையும் பாருங்கள்.

கரண்ட் போனால்

பராமரிப்பு மின்தடை அன்று பகல் முழுக்க பம்ப் நிற்கும். நின்ற அடுத்த நிமிடமே மேலேயிருக்கும் தண்ணீர் கீழே வரத் தொடங்கும். விளிம்பின்மேல் நின்ற 1 சென்டிமீட்டர், இந்தத் தொட்டியில் ஐந்தரை லிட்டர். அது பெரிதில்லை. பம்பிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் பைப்பின் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தால் அதுவே தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்கும் சைஃபனாக மாறி 28 லிட்டரை இறக்கிவிடும். வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். மட்டத்தை ஒட்டிப் பைப்பில் சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள்.

தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பாதீர்கள். இங்கே போர் தண்ணீரின் உப்பு படிந்து அது முழுதாக மூடாமல் போகும்.

தண்ணீர் நிரப்பியதும் பம்பை நிறுத்திப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்துக்கு மேலும் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பம்பை மறுபடி ஓடவிட்டு, முதல் பைப்பைக் கையால் அடைத்து, இரண்டாவது பைப் மொத்தத் தண்ணீரையும் இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: இரண்டு பைப்பும் அடைத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள். சம்ப்பில் பம்ப் இருக்கும் தடுப்பறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே ஏறும். 15 லிட்டர் என்றால் இந்தத் தொட்டியில் 2.7 சென்டிமீட்டர் உயரும், மேலே அந்த இடத்தை விட்டிருக்க வேண்டும். அந்த அறையை ரொம்பச் சிறிதாக்கினாலும் சிக்கல். ஆவியாகும் தண்ணீர் முழுக்க அங்கேதான் குறையும், சித்திரை வெயிலில் பம்ப் காய்ந்து ஓடும். கோடையில் தினமும் காலையில் அந்த அறையைப் பார்த்து, குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.