தண்ணீரைப் பார்த்துத் தூண்டில் வாங்குங்கள்: குளம், தாமரைக்குளம், ஆறு, அணை

ராட் (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் உருளை), ஒரு டப்பா முள் (தூண்டில் கொக்கி) எல்லாம் அடங்கிய செட்டை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே போடலாம் என்று பிறகு தேடுவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்களின் வழக்கம். அந்த முள் பெரும்பாலும் ஜிலேபி மீனின் வாய்க்குப் பெரிசாக இருக்கும், நரம்பு (தூண்டில் நூல்) விராலுக்கு மெலிசாக இருக்கும். முதலில் தண்ணீரைப் பாருங்கள். நிற்கிறதா, ஓடுகிறதா, தாமரை மூடிக் கிடக்கிறதா? அந்தக் குளம் குத்தகையில் இருக்கிறதா என்பதையும் கரையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முள் எண்ணில் பலருக்குக் குழப்பம் வரும். 10ஆம் எண் முள் 6ஐவிடச் சின்னது. 1ஐத் தாண்டினால் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும்.

ஊர்க்குளம்: ஜிலேபியும் கெண்டையும்

1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி இன்று எங்கும் கிடைக்கிறது. கை பழக இதைவிட நல்ல மீன் இல்லை. இதற்கு ரீலே தேவையில்லை.

1. நுனி வளையும் மூங்கில் கம்பு, 8 முதல் 10 அடி. நரம்பை நுனியில் மட்டும் கட்டாதீர்கள். இரண்டு கணு கீழே கட்டி, கம்பைச் சுற்றிக்கொண்டே போய் நுனியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது.

2. 0.25 மி.மீ. நரம்பு, கம்பு நீளத்துக்கே. முள் 8 அல்லது 10.

3. முடிச்சு: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, தன்மேலேயே 5 அல்லது 6 சுற்று முறுக்குங்கள். நுனியைக் காதை ஒட்டிய சின்ன வளையத்தில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்தபின் மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். பெரிய மீன் மாட்டும்போது அறுவது அந்த இடத்தில்தான்.

4. மயிலிறகுத் தண்டோ நெட்டியோ தக்கையாக இருக்கட்டும். முள்ளுக்கு மேல் நாலு விரற்கடையில் சின்ன ஈயத்தை நரம்பில் குறடால் நசுக்கிப் பொருத்துங்கள். தண்ணீருக்கு மேல் தக்கை ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் போதும். பாதித் தக்கை வெளியே நின்றால் அதை இழுக்க வேண்டிய கனம் மீனுக்குத் தெரியும், இரையைத் துப்பிவிடும்.

5. ஆழம் பார்ப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தக்கையால் தாங்க முடியாத கனத்தில் ஓர் ஈயத்தை முள்ளில் மாட்டிப் போடுங்கள். தக்கை முழுதாக முங்கினால் தண்ணீர் இன்னும் ஆழம், தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துக் கிடந்தால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால் முள் தரையில் இருக்கிறது. ஈயத்தைக் கழற்றிவிட்டு, தக்கையை நாலு விரற்கடை இறக்கினால் இரை தரைக்குச் சற்று மேலே தொங்கும்.

6. முழு மண்புழுவைக் கோக்காதீர்கள். முள்ளை மூடும் அளவு துண்டும், அரை விரல் வாலும் போதும். வால் நீண்டால் பொடிமீன் அதை மட்டும் கடித்துக்கொண்டு போகும்.

தக்கை நடுங்கினால் பொடிமீன் கொத்துகிறது, பொறுங்கள். ஒரே பக்கம் ஓடினாலோ முங்கினாலோ மணிக்கட்டால் சுண்டுங்கள். தக்கை திடீரென்று படுத்தாலும் சுண்ட வேண்டும்: இரையை வாயில் கவ்வி மீன் மேலே வருகிறது, ஈயத்தின் கனம் தக்கையில் இல்லை என்று அர்த்தம். ஜிலேபியின் முதுகு முள் குத்தும். தலைப்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் தடவி, முள்ளைப் படியவைத்துப் பிடியுங்கள்.

வளர்ப்புக் கெண்டை இருக்கும் ஏரி என்றால் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்குப் பொடியும் 2:1 அளவில் பிசைந்து, 4ஆம் எண் முள்ளில் வையுங்கள். கட்லா மேல்தண்ணீரிலும், ரோகு நடுத்தண்ணீரிலும், மிர்கால் தரையிலும் மேயும். தக்கையை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளம்: விரால்

இங்கே மூங்கில் கம்பு உதவாது. 7 அடி கனமான ராட், 3000 அளவு ரீல், 30 முதல் 40 பவுண்டு பின்னல் நரம்பு, ரப்பர் தவளை. விரால் மாட்டியவுடன் செடிக்குள் சுருண்டுவிடும். நைலான் நரம்பு இழுபடும், பின்னல் நரம்பு இழுபடாது.

இலை விளிம்பைத் தாண்டித் தவளையை எறிந்து, இலைமேல் இழுத்துக்கொண்டு வந்து, இடைவெளித் தண்ணீரில் இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். கடி பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் விழும். தண்ணீர் வெடித்த சத்தத்துக்குப் பதறிச் சுண்டினால் வெறும் தவளைதான் திரும்பி வரும். மனசுக்குள் இரண்டு எண்ணி, நரம்பு இறுகுவதை உணர்ந்தபின் பலமாகச் சுண்டுங்கள். அப்போதும் தவறினால் தவளையின் முள் உடம்போடு மிகவும் ஒட்டியிருக்கலாம். குறடால் இரண்டு மி.மீ. நிமிர்த்துங்கள். உள்ளே புகுந்த தண்ணீரை அவ்வப்போது பிதுக்கி எடுங்கள்.

மேலே செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டம் கொப்பளித்தால் கீழே தாயும் தந்தையும் காவலில் இருக்கும். அங்கே போடாதீர்கள். போட்டால் எளிதாக மாட்டும், ஆனால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

ஆறு, வாய்க்கால்

ஓடும் தண்ணீரில் தக்கையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். நடுவில் துளையுள்ள தட்டை ஈயத்தை 0.35 நரம்பில் கோத்து, நரம்பு நுனியில் ஒரு சுவிவலை (நரம்பு முறுக்காமல் சுழலும் சின்ன இணைப்பு) கட்டுங்கள். அதற்குக் கீழே ஒன்றரை அடிக்கு 0.28 நரம்பும் முள்ளும். கல்லில் மாட்டினால் மெல்லிய நரம்பு மட்டும் அறும், ஈயம் திரும்பி வரும். 30 கிராமில் தொடங்குங்கள். ஈயம் உருண்டால் 45, 60 என்று ஏற்றுங்கள். உருண்டை ஈயம் மணலில் நிற்காது.

வேகத்தண்ணீரில் போடாதீர்கள். பாறைக்குப் பின்னாலும், வேகமும் நிதானமும் சேரும் ஓரத்திலும்தான் கெளுத்தி காத்திருக்கும். கோழிக்குடல் அல்லது புழுக்கொத்து வைத்து ராட் நுனியைப் பாருங்கள். கெளுத்தியின் பக்கமுள் அரம்போல் இருக்கும், துணி சுற்றிப் பிடியுங்கள். காவிரியில் கூனல் முதுகு மஹசீர் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அழியும் அபாயத்தின் உச்சத்தில் இருப்பதாக 2018இல் பட்டியலிடப்பட்ட இனம் அது.

மணல் அள்ளிய ஆற்றில் இறங்காதீர்கள், குழி கண்ணுக்குத் தெரியாது. வாய்க்கால் கரையில் மின்கம்பி இருந்தால் கார்பன் ராடைத் தூக்காதீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

அணை

பெரும்பாலும் உரிமம் வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள். ஆற்றுக்குச் சொன்ன அமைப்பே இங்கும் போதும். டிராக் (மீன் இழுக்கும்போது ரீலிலிருந்து நரம்பை நழுவவிடும் பிடி) மட்டும் கவனம்: நரம்பின் பலத்தில் கால்பங்குக்கு வையுங்கள், 8 கிலோ நரம்பு என்றால் 2 கிலோ இழுப்பில் நழுவ வேண்டும். நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினால் மீன் வராது, நரம்புதான் முறுக்கிக்கொள்ளும். ராடைத் தூக்கி இழுத்து, இறக்கும்போது சுற்றுங்கள். மதகுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் நிற்காதீர்கள்: தண்ணீர் திறந்தால் பையை எடுக்கக்கூட நேரம் இருக்காது.