புளியங்கொட்டையைக் கொண்டு அரை ஆயுட்காலத்தை விளக்கும் முறை

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியில் அணுசக்தி என்றதும் தெர்மக்கோலில் செய்த அணு உலை மாதிரியைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். அது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே. ஒரு கதிரியக்க அணுவை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் அதன் அரை ஆயுட்காலத்துக்கு, அதாவது அவ்வகை அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்துக்கு, பெரும் பங்குண்டு. அதைச் செலவில்லாமல் செய்து காட்டலாம்.

ஜவ்வாது மலைப் புளி சந்தைக்கு வரும் பருவத்தில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள 100 கொட்டைகளைச் சேர்த்து, தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பது போலவே ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் கருங்கல்லில் வெள்ளை தெரியும் வரை தேய்த்துக்கொள்ள வேண்டும். அவற்றை டப்பாவில் குலுக்கித் தரையில் கொட்டி, வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவற்றைச் சிதைந்த அணுக்களாகக் கொண்டு நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை எண்ணி எழுதியபின் மீண்டும் குலுக்க வேண்டும். குலுக்கல்களைக் கிடை அச்சிலும் எஞ்சிய கொட்டைகளைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், வளைகோடு 50-ஐத் தொடும் இடமே அரை ஆயுட்காலம்.

கையால் தேய்த்த கொட்டையில் வெள்ளை விழும் வாய்ப்பு சரிபாதியாக இருக்காது. அதற்காக நாணயத்துக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தில் நான்கு வீதம் வெள்ளை விழுந்தால் ஏறத்தாழ 1.36 குலுக்கலில் பாதியாகக் குறையும். வேறு கையால் தேய்த்த கொட்டைகளுக்கு வேறு கணக்கு வரும். கதிரியக்க அணுக்களிலும் ஒவ்வொரு வகைக்கும் சிதையும் வாய்ப்பு வேறுபடுகிறது. அடுத்து எந்தக் கொட்டையில் வெள்ளை விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. மொத்தத்தில் எத்தனை குறையும் என்பதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்.

வரைபடம் தயாரானதும் உண்மையான அணுக்களுக்கு வரலாம். சிஎம்சி போன்ற மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும்; இன்று காலை ஊசியில் செலுத்தியது, உடலிலிருந்து வெளியேறுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், நாளை காலை 16-இல் ஒரு பங்காகிவிடும்.

எதிர்கால மின்சாரத்துக்கு இந்தியா நம்பியிருப்பது தமிழக, கேரளக் கடற்கரை மணலிலுள்ள தோரியத்தை. தோரியம்-232 தானாகப் பிளந்து தொடர்வினை நிகழ்த்தாது; அது ஒரு நியூட்ரானை ஏற்று, 22 நிமிட அரை ஆயுள் கொண்ட தோரியம்-233 ஆகி, பின்பு 27 நாள் அரை ஆயுள் கொண்ட புரோட்டாக்டினியம்-233 ஆகி, அதன்பிறகே எரிபொருளான யுரேனியம்-233 ஆகிறது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி ஆய்வு உலை இந்த எரிபொருளில்தான் இயங்குகிறது.

வரைபடத்தில் கிடைத்த அரை ஆயுட்காலத்தை 27 நாள் என்று குறித்து, உலையிலிருந்து எடுத்த தோரியத்திலிருந்து யுரேனியம்-233-ஐ ஏன் பல மாதம் காத்திருந்து பிரிக்க வேண்டும் என்று பார்வையாளர்களையே கணக்கிடச் சொல்லலாம். 270 நாளில் புரோட்டாக்டினியம் 1024-இல் ஒரு பங்காகக் குறையும். 100 கொட்டைகள் ஏழாவது அரை ஆயுளிலேயே ஒன்றுக்கும் கீழாகிவிடும் என்பதால், இந்தப் பகுதிக்கு மட்டும் எல்லா வகுப்புகளின் கொட்டைகளையும் ஒன்றாகக் கொட்டி ஆயிரமாக்கிக்கொள்வது நல்லது.