விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்க எந்தக் கமரா வாங்கலாம்?

கார்த்திகை விளக்கீட்டு அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. அம்மம்மா முற்றத்தில் சிட்டி விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனா. என் கையில் நிக்கோன் டி3300 கமராவும் அதோடு வந்த 18-55 மில்லிமீற்றர் லென்ஸும். நாற்பது படம் எடுத்திருப்பேன். ஒன்றிலாவது அவவின் முகம் தெளிவாக விழவில்லை, சுடரெல்லாம் கோடாக இழுபட்டிருந்தது. பிளாஷ் போட்டு எடுத்தால் முகம் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்து, விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை.

அடுத்த விளக்கீட்டுக்குள் இதைச் சரிக்கட்ட வேண்டும் என்று ஒரு வருடம் தேடிப் படித்தேன். நடுவில் ஒரு பிழையான லென்ஸுக்குக் காசும் கொடுத்தேன். நான் கடந்து வந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. எதை எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

அசையாத பொருளா, அசைகிற பொருளா? திருகோணமலைச் சுவாமிமலையில் நின்று இரவுக் கடலை எடுப்பதென்றால் புதுக் கமரா வேண்டாம். இருக்கிற கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, பத்து செக்கன் திறந்து வைத்தால் போதும். ஆனால் உப்புவெளிக் கரையில் மிதக்கும் வள்ளத்தை அப்படி எடுக்க ஏலாது. ட்ரைபொட் ஆடாது, வள்ளம் ஆடும்.

ஆட்களை எடுப்பதென்றால் ஷட்டர் வேகம், அதாவது கமரா ஒளிக்குத் திறந்திருக்கும் நேரம், 1/125 செக்கனாவது வேண்டும். சுவாமி வெளிவீதி வரும்போது தவில் அடிப்பவரின் கையைப் பிடிக்க 1/250 வேண்டும். அதிர்வு நீக்கி இருக்கிற லென்ஸ் என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். தவில்காரரின் கை வேகத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

2. காசில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள்

கமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுதாகச் சூம் பண்ணினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய வாய் அகலும். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்கு லேசு: 5.6 ஐ 1.8 ஆல் பிரித்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்குங்கள். என் முற்றத்தில் அன்று கிடைத்த ஷட்டர் வேகம் 1/13. எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் அதே வெளிச்சத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (கமரா ஒளியை உணரும் அளவு) 1/125 கிடைத்திருக்கும். கமராவை மாற்றாமலே முகம் தெளிந்திருக்கும்.

சூம் இல்லாத லென்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். நடந்து கிட்டப் போங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு நான் சூம் லென்ஸைச் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

3. சென்சர் அளவைப் பாருங்கள், மெகாபிக்சலை விடுங்கள்

சென்சர் என்பது லென்ஸுக்குப் பின்னால் ஒளி விழும் தகடு. ஃபுல் ஃபிரேம் சென்சர் 36 × 24 மில்லிமீற்றர். டி3300 போன்றவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5 × 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. பெயரில் ஒரு இஞ்ச் என்று இருந்தாலும் அந்தச் சென்சர் உண்மையில் 13.2 × 8.8 மில்லிமீற்றர்தான். பரப்புக் கூடினால் சேரும் ஒளி கூடும், இருட்டுப் படத்தில் மணல் தூவினது போல் தெரியும் புள்ளி குறையும்.

மெகாபிக்சலைக் காட்டி யாராவது விலை கூட்டினால் இதை நினைவில் வையுங்கள்: இருட்டுக்கென்றே 2014 இல் சோனி வெளியிட்ட ஏ7எஸ் கமராவில் இருந்தது 12 மெகாபிக்சல் மட்டுமே.

4. லென்ஸ் அந்தக் கமராவில் தானாக ஃபோகஸ் ஆகுமா?

நான் இடறினது இங்கேதான். தெரியாதவர்கள் அவசரப்படாமல் படியுங்கள்.

எஃப் 1.8 வேண்டும் என்று தெரிந்ததும், பாவித்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பூட்டினேன், சரியாகப் பூட்டுப்பட்டது. பட்டனைப் பாதி அழுத்தினேன், ஃபோகஸ் அசையவில்லை. லென்ஸ் பழுது என்றே நினைத்தேன். திருப்பி அனுப்பப் பொதி பண்ணி வைத்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

நிக்கோனின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டர் கிடையாது, கமராவுக்குள் இருக்கும் மோட்டர்தான் அவற்றைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் அந்த மோட்டர் இல்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. ஆகவே டி3300, டி3500, டி5600 போன்றவை வைத்திருப்பவர்கள் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏஎஃப் என்றோ ஏஎஃப்-டி என்றோ மட்டும் இருந்தால் கையால்தான் திருப்ப வேண்டும். கனோனின் ஈஎஃப் லென்ஸ்களில் இந்தச் சிக்கலே இல்லை. ஆட்டோ ஃபோகஸ் உள்ள எல்லாவற்றுக்கும் மோட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. ஏபிஎஸ்-சி கமராவில் 50 லென்ஸ், 75 லென்ஸ் போல நெருக்கமாகக் காட்டும். எங்கள் வீட்டு விறாந்தையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் அம்மம்மாவின் முகமும் தோளும்தான் அடங்கின. அதை விற்று, நிக்கோன் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8ஜி லென்ஸ் எடுத்தேன். டி3300 வைத்திருக்கும் ஒருவர் வேறு எதையும் வாங்க முதல் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு: பாவித்த கனோன் 6டி, கூடவே கனோன் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ். 6டி 2012 இல் வந்த பழைய ஃபுல் ஃபிரேம், 20 மெகாபிக்சல். அதன் நடு ஃபோகஸ் புள்ளி நிலவு வெளிச்சத்தில்கூடப் பிடிக்கும். சுற்றியுள்ள புள்ளிகள் இருட்டில் தடுமாறும், நடுப் புள்ளியை மட்டும் பாவியுங்கள். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பாவித்தேன், ஐ.எஸ்.ஓ. 6400 இல் எடுத்த படத்தைத் தயங்காமல் சட்டம் போட்டு மாட்டலாம்.

5. கடையில் சோதிக்கும் விதம்

கடையின் ரியூப் லைற் வெளிச்சத்தில் எல்லாக் கமராவும் நல்ல கமராதான். உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். மேசைக்குக் கீழே, அலுமாரி மூலையில், இருட்டான இடமாகப் பார்த்து ஐ.எஸ்.ஓ. 1600, 3200, 6400 என்று மூன்று படம் எடுங்கள். ஃபோகஸ் பூட்ட எவ்வளவு நேரம் தேடுகிறது என்று கவனியுங்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் முழு அளவில் பார்த்த பிறகு மற்ற நாள் போய்க் காசைக் கொடுங்கள். அவசரப்படுத்தும் கடையில் நான் வாங்குவதில்லை.

6. பாவித்த லென்ஸில் பூஞ்சணம்

கடற்காற்று அடிக்கும் ஊரில் இருக்கிறோம், மாரியில் சுவரே வியர்க்கும். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது இங்கே சாதாரணம். வாங்க முதல் இரண்டு மூடியையும் கழற்றி, வாயை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் ரோர்ச்சை அடித்து முன்பக்கம் சரித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். ஓரிரு தூசி பரவாயில்லை. வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு மிகப் பிடித்தமானது.

7. வாங்கின அன்றே செய்ய வேண்டியது

ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வைப் போட்டு, குறைந்த ஷட்டர் வேகத்தை 1/125 என்றும், கூடிய ஐ.எஸ்.ஓ.வை 6400 என்றும் வையுங்கள். படங்களை ரோ கோப்பாக, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள். எண்ணெய் விளக்கின் நிறம் மிகவும் சிவந்தது. கமரா தன் பாட்டில் அதை வெள்ளையாக்கப் பார்க்கும், ரோவில் பிறகு திருத்தலாம். முழுதாக வெள்ளையாக்கிவிடாதீர்கள், அந்த மஞ்சள்தான் விளக்கீடு.

பிறகு சேர்த்தது

இதைப் படித்து 1/250 இல் கோயில் படம் எடுத்த தம்பி ஒருவர், படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது, கமரா பழுதா என்று கேட்டு அனுப்பியிருந்தார். பழுதில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. அலங்கார எல்.ஈ.டி. விளக்குகள் பல, சுற்றுக்கு இரண்டாகச் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 1/250 அதில் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது. ஷட்டரை 1/100 க்கு இறக்கினால் பட்டை மறையும். சத்தமில்லா எலெக்ட்ரோனிக் ஷட்டரில் இது இன்னும் மோசமாகும், அதை நிறுத்திவிடுங்கள். கனோன் 80டி போன்ற சிலவற்றில் இந்த மினுக்கத்தைக் கண்டுபிடித்து, வெளிச்சம் கூடும் கணத்தில் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. 6டியில் அது இல்லை. திருவிழாப் படம்தான் உங்கள் முழு நோக்கம் என்றால், மேலே நான் சொன்ன 6டியோடு 80டியையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். எண்ணெய் விளக்கில் இந்தப் பட்டை வராது.